அடித்தல் திருத்தல் இல்லாத பேரேடு



சென்ற மாதம் ஒரு தந்தையார் மடல் எழுதியிருந்தார். கல்லூரிப் படிப்பை முடித்த அவருடைய மகன், பணம் கட்டி ஒரு கணிப்பொறி மொழியைக் கற்றிருக்கிறான். இப்போது வேறொரு மொழிக்கே மதிப்பு அதிகம் என்று கூறி, மீண்டும் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர விரும்புகிறான். "இந்த ஓட்டத்திற்கு முடிவு உண்டா? எதைப் படித்தால் நிலைக்கும்?" என்று தந்தையார் வினவுகிறார். பல இல்லங்களில் எழுகின்ற வினா இது. ஆகவே இம்மாதம் அதற்கே விடை கூற முற்படுகிறேன்.

மொழிகள் வரும், போகும். அடிப்படைகள் நிலைத்து நிற்கும். மதிப்புகளுக்குப் பெயரிட்டு வைத்தல், நிபந்தனை பார்த்து வழி பிரித்தல், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல், தரவுகளை ஒழுங்குபட அடுக்குதல், பெரிய வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பகுத்தல் ஆகிய ஐந்தையும் கசடறக் கற்றவருக்குப் புதிய மொழி என்பது புதிய எழுதுகோல் போன்றதே. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயருடைய லத்தீன் வடிவத்திலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. சமன்பாடுகளைத் தீர்க்கும் படிகளை அவர் குறியீடுகளின் துணையின்றி, சொற்களாலேயே எழுதி வைத்தார். கணிப்பொறியும் இல்லை, கணிப்பொறி மொழியும் இல்லை. ஆயினும் இன்ன படிக்குப் பின் இன்ன படி என்னும் தெளிவு இருந்தது. கற்க வேண்டியது அந்தத் தெளிவையே.

இதை நான் நூல்களில் மட்டும் படித்து அறிந்தவனல்லன், பட்டும் அறிந்தேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிறு தொழிற்கூடத்திற்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தேன். ஒரு பகுதி வருங்கால வைப்பு நிதிக்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடித்தம் செய்யும். மற்றொரு பகுதி போனஸ் தொகையைச் சேர்க்கும். இரண்டையும் தனித்தனியே சோதித்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன.

போனஸ் வழங்கிய மாதத்தில், வயதில் மூத்த தொழிலாளர் ஒருவர் சம்பளச் சீட்டுடன் வந்தார். "தம்பி, என் அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய். மாதந்தோறும் 1,200தான் பிடிப்பார்கள். இந்த மாதம் 1,440 பிடித்திருக்கிறதே. என் 240 ரூபாய் எங்கே?" என்று கேட்டார். நான் விடை கூற இயலாமல் நின்றேன். அவர் ஒருவருக்கு மட்டுமன்று, அங்கே வேலை செய்த அனைவருக்கும் அம்மாதம் கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தது.

இரவு முழுதும் தேடிய பின்னரே பிழை அகப்பட்டது. போனஸ் சேர்க்கும் பகுதி 2,000 ரூபாயைத் தனியே எழுதி வைக்காமல், பட்டியலில் இருந்த அடிப்படைச் சம்பளத்தையே அழித்து 12,000 என்று மாற்றிவிட்டது. அதன் பின் வந்த பிடித்தப் பகுதி, மாறிப்போன அந்தத் தொகையில் 12 விழுக்காடு கணக்கிட்டது. பிடித்தம் முதலிலும் போனஸ் அடுத்தும் நடந்திருந்தால் பிழை வெளியே தெரிந்திராது. வரிசை மாறினால் விடையும் மாறிவிடும் நிரலை எழுதியிருக்கிறோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அடுத்த மாதம் அனைவருக்கும் தொகை திருப்பித் தரப்பட்டது. ஆயினும் அம்முதியவரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

வணிகக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் பேரேட்டைப் பார்த்திருப்பீர்கள். என் பாட்டனார் கடையில் இருந்த கணக்குப்பிள்ளை, பேரேட்டில் அடித்து எழுத யாரையும் விடமாட்டார். தவறு நேர்ந்தால் பழைய பதிவு அப்படியே இருக்கும். அதற்கு எதிர்ப்பதிவு ஒன்று புதிதாக எழுதப்படும். எனவே எந்த நாளின் இருப்பையும் எப்போது வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்து உறுதி செய்யலாம். 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' எனப்படும் சார்புவழி நிரலாக்கத்தின் உயிர்நாடியும் இதுவே. உள்ள மதிப்பை அழிக்காதே. புதிய மதிப்பை உருவாக்கிக் கொடு.

கணிதப் பாடத்தில் சார்பு என்று படித்திருப்பீர்கள். 5ஐக் கொடுத்து வர்க்கம் கேட்டால் 25 வரும். இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும், யாருக்குப் பின் யார் கேட்டாலும் அதே 25தான். நிரலின் பகுதிகளும் இவ்வாறே அமைய வேண்டும் என்கிறது இம்முறை. தரப்பட்டதை மட்டும் பார்த்து விடை கூற வேண்டும். வெளியே உள்ள எதையும் தொடலாகாது. என் போனஸ் பகுதி புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கித் தந்திருந்தால், அந்த 240 ரூபாய் அவர் கையை விட்டுப் போயிருக்காது.

இது நேற்று முளைத்த நாகரிகம் அன்று. அலான்சோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1930களில் வகுத்த லாம்டா கணிதமே இதன் வேர். ஜான் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். அவரே 1977ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றபோது, மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே செல்லும் பழைய பாணியைக் குறை கூறி, சார்புவழியை முன்வைத்தார். தாம் வளர்த்த மரபின் குறையைத் தாமே அவையில் எடுத்துரைத்த அந்த நேர்மையும் நாம் கற்க வேண்டிய பாடமே. 1990இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை வெளியாயிற்று. 2014இல் ஜாவா மொழியும் லாம்டா வசதியை ஏற்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை. எதையுமே மாற்றாத நிரல் எவருக்கும் பயன்படாது. திரையில் காட்டுவதும் கோப்பில் எழுதுவதும் மாற்றமே அல்லவா? தெருப்புழுதி வாசலோடு நிற்பதைப்போல, இத்தகைய மாற்றங்கள் நிரலின் ஓரத்தோடு நிற்க வேண்டும். உள்ளே நடக்கும் கணக்குத் தூய்மையாக இருக்க வேண்டும். புதிய பட்டியல்களை ஓயாமல் உருவாக்குவதால் சில வேளைகளில் நினைவகமும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். எனவே இடமறிந்து கையாள்வதே அறிவுடைமை.

மடல் எழுதிய தந்தையாருக்கு இனி நேராகக் கூறுகிறேன். மகனை உடனே பணம் கட்டச் சொல்ல வேண்டாம். அவன் கற்ற மொழியிலேயே உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுப் பட்டியலை எழுதட்டும். அதில் மளிகைச் செலவுகளை மட்டும் பிரித்தெடுக்கும் சார்பு ஒன்று, ஒவ்வொரு விலையிலும் தள்ளுபடியைக் கழித்துப் புதிய விலை தரும் சார்பு ஒன்று, அனைத்தையும் கூட்டும் சார்பு ஒன்று என மூன்றை எழுதட்டும். நிரலாளர்கள் இவற்றை ஃபில்ட்டர், மேப், ரெடியூஸ் என்பர். வேலை முடிந்த பின்னும் முதலில் எழுதிய பட்டியல் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதில் தேர்ச்சி கண்டபின் ஹாஸ்கெல் போன்ற மொழியைச் சில காலம் பயிலலாம். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏபல்சன், சஸ்மன் இருவரும் எழுதி 1985இல் வெளியான, கணிப்பொறி நிரல்களின் அமைப்பை விளக்கும் நூலையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இன்று கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை எழுதியது சரியா, தவறா என்று பகுத்தறிய அடிப்படை தெரிந்தவர் வேண்டும். சம்பளச் சீட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், அவருக்கு விடை கூற வேண்டியவர் மனிதரே, கருவியன்று.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், மீண்டும் சந்திப்போம்.