பத்தொன்பது பிணங்களும் ஒரு பழியும்

தடுப்பூசி என்றதும் முகம் சுளிக்கிற தோழர் ஒருவர் எந்த ஆலையிலும் உண்டு, எந்தப் பட்டறையிலும் உண்டு. 2021-இல் கொரோனா ஊசி வந்தபோதும் அவரைப் பார்த்தோம். அறிவிலி என்று அவரை ஏசுவோர் ஏசட்டும். நாம் ஏசமாட்டோம். ஊசியைவிட, அதை ஏந்தி வருகிற கை எவருடையது என்பதுதான் அவருக்கு அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-இல் ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். ஜாராட்சியில், யூதர் வீடுகளைச் சூறையாட வந்த வெறிக்கும்பலை எதிர்த்து நின்றவர். யூதர் என்பதாலேயே பல்கலைக்கழகத்தில் மேலே செல்ல வழி அடைபட்டது. மதம் மாறினால் கதவு திறக்கும் என்றனர்; அவர் மாறவில்லை. பாரிஸ் சென்றார். பாஸ்டர் நிலையத்தில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நூலகத்தில் உதவியாள்! அந்த உதவியாள்தான் 1892-இல் காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, அதை முதலில் தன் உடலிலேயே போட்டுக்கொண்டவர்.

1893-இல் இந்தியா வந்தார். கல்கத்தாவின் சேரிகளில் முதலில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு கல்லடி. அவரோடு வந்த வங்க மருத்துவர்கள் மக்கள் கண்ணெதிரே தம் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பிறகே கூட்டம் நெருங்கிற்று. 1894-இல் காட்டால் பாகான் சேரியில் ஏறத்தாழ இருநூறு பேரில் 116 பேர் ஊசி ஏற்றனர். அதற்குப் பிறகு அங்கே காலராவுக்கு இரையானவர்கள் அத்தனை பேரும் ஊசி ஏற்காதவர்கள். ஒரே சேரி, ஒரே குளத்து நீர், ஒரே சோறு. வேறுபாடு ஊசி ஒன்றுதான். சான்று என்றால் இதுவல்லவா சான்று?

1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. ஆலைத் தொழிலாளர் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு ஓடினர். அரசாங்கம் என்ன செய்தது? புனாவில் பட்டாளத்தை வீடு வீடாக ஏவியது. அந்த ஆத்திரத்தில், 1897 சூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். ஹாஃப்கினுக்குத் தந்ததோ கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஓர் எழுத்தர், மூன்று ஏவலர். அங்கேதான் இறைச்சிச் சாற்றில் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். அத்துளிகளின் அடியில் ஆலம் விழுதுபோல் பிளேக் கிருமிகள் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூடேற்றிக் கொன்று மருந்தாக்கினார். செத்த கிருமி நோய் தராது. ஆனால் திருடனின் அங்க அடையாளத்தை முன்கூட்டியே காவற்காரனிடம் காட்டி வைப்பதுபோல், உடலுக்கு எதிரியை அறிமுகப்படுத்தும். 1897 சனவரி 10-ஆம் நாள், இந்த ஊசியையும் தன் உடலிலேயே முதலில் ஏற்றினார். அடுத்து, பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். பட்டாளம் தேவைப்படவில்லை!

பிறகு வந்தது 1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூர். 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 53-என் என்று எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து ஏற்ற பத்தொன்பது பேரும் வாய்ப்பூட்டு நோய் கண்டு செத்தனர். மற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

யார் குற்றம்? விசாரணைக் குழு பம்பாய்ப் பரேலில் இருந்த ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தைக் கைகாட்டியது. அவர் வேலை போயிற்று. 1904-இல் இந்தியாவைவிட்டே வெளியேறினார். ஆனால் அந்தப் புட்டியைத் திறந்த நேரத்தில் இடுக்கி தரையில் விழுந்ததும், அதைக் காய்ச்சாமல் மருந்து நீரில் அலசிவிட்டுப் பயன்படுத்தியதும் விசாரணையிலேயே பதிவாகியிருந்தன. கூடத்திலேயே அக்கிருமி புகுந்திருந்தால் புட்டி நாறியிருக்கும் என்றனர் அறிஞர். கேட்டவர் யார்? (இடுக்கியைத் தவறவிட்ட உதவியாளரைக் கழுவேற்றவும் நாம் சொல்லவில்லை. ஒரே நாளில் நூறு கைகளுக்கு ஊசி போடச் சொன்னவர்கள், தவறிய கருவியை என்ன செய்வதென்று அவருக்கு எவ்வளவு கற்றுத் தந்தார்கள்?)

பழி ஒருவர்மேல் விழுந்தது. பாடு ஊரார்மேல் விழுந்தது. பஞ்சாபில் பெருமளவில் ஊசி போடும் திட்டம் நொறுங்கியது. உண்மை கோப்புக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது பிளேக் உறங்கவில்லை. 1904-இல் இந்தியாவில் அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. 1907-இல் மீண்டும் பத்து இலட்சத்துக்கும் மேல். ஊசி எல்லாரையும் காத்திருக்கும் என்று சொல்லமாட்டோம். முழுக்காப்பு அளிக்கும் மருந்தல்ல அது. பக்க விளைவாகக் காய்ச்சலும் வலியும் உண்டு. ஆனால் நோய் வருவதையும் சாவதையும் அது வெகுவாகக் குறைத்தது என்பது அன்றே தெரிந்த செய்தி. முல்கோவாலில் நடந்ததை அப்படியே, உடனே, ஊரறியச் சொல்லியிருந்தால், மறுபடியும் கை நீட்டியிருப்பார்கள் மக்கள். பொதுமக்களிடம் மறைத்த மருந்துச் செய்தி ஒவ்வொன்றும் வதந்திக்கு வார்த்த எண்ணெய்!

1907 சூலையில், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் முதலான அறிஞர்கள் லண்டன் 'டைம்ஸ்' ஏட்டில் கடிதம் எழுதினர். அதன்பிறகே பழி நீங்கியது. ஹாஃப்கினுக்குக் கல்கத்தாவில் ஒரு வேலை கொடுத்தார்கள். அவர் கட்டி எழுப்பிய பரேல் கூடத்தைத் திருப்பித் தரவில்லை. 1925-இல் அந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்தனர். அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். ஐந்தாண்டு கழித்து லோசானில் இறந்தார்.