கோயில் பெரிதாகிறது, சபை ஒன்றாகிறது, சுவர் என்னாயிற்று?

கிறிஸ்தவ சபைகள் பலவும் ஒன்றாகிவிட வேண்டுமென்றும், ஒன்றானால் உலகத்திற்கே சமாதானம் வந்துவிடுமென்றும் அம்மதத் தலைவர்கள் அடிக்கடி பேசி வருகிறார்கள். ஒன்றாவதில் நமக்கு ஆக்ஷேபணை ஒன்றுமில்லை. யார் யாரோடு ஒன்றாகிறார்கள் என்பதே நமது கேள்வி.

முதலில் பிரிந்த கதையைப் பாருங்கள். ரோமாபுரியில் செயிண்ட் பீட்டர் கோயிலை 1506இல் கட்ட ஆரம்பித்தார்கள். பணம் போதவில்லை. பாவத்திற்குரிய தண்டனை குறையுமென்று சீட்டு விற்றார்கள். செத்துப்போன தகப்பனுக்கும் சீட்டு வாங்கலாமென்றார்கள். (நம் ஊர்த் திதி வியாபாரந்தான், வியாபாரிதான் வேறு!) 1517இல் மார்ட்டின் லூதர் இதைக் கண்டிக்கப் புறப்பட்டார். கோயில் பிரதிஷ்டையான 1626க்குள் மதமே உடைந்து பல துண்டாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஆசை விட்டபாடில்லை. ஐவரி கோஸ்ட் தேசத்து ஜனாதிபதி ஊஃபுவே புவாஞி, யாமுசுக்ரோ என்னும் தமது சொந்த ஊரில் 18,000 பேர் கொள்ளும் கோயிலைக் கட்டினார். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியும் கட்டவேண்டுமென்று போப் நிபந்தனை போட்டார். கோயில் 1990இல் திறந்தாயிற்று. ஆஸ்பத்திரி திறக்க அதற்குமேல் 20 வருஷத்துக்கு அதிகமாயிற்று!

இனி நம் நாட்டு ஐக்கியத்திற்கு வருவோம். 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயிண்ட் ஜார்ஜ் கோயிலில் தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, முன்பே 1908இல் சேர்ந்திருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் ஆகியோர் இதில் ஒன்றானார்கள். இதை நாம் குறைவாகச் சொல்லமாட்டோம். சீமையில் பிறந்த சண்டைக்கும் நமது குடியானவனுக்கும் என்ன சம்பந்தம்? மிஷன்கள் ஜில்லாக்களைப் பங்கு போட்டுக்கொண்டன. எந்த மிஷன் பங்கில் அவன் குடிசை விழுந்ததோ அந்தச் சபைக்காரனானான். அந்த வேலியைப் பிடுங்கியது நியாயமே.

ஆனால் அந்த 28 வருஷமும் பெரிதாய்த் தர்க்கித்தது எதைப்பற்றி? பிஷப் தலையில் கைவைத்துப் பட்டங்கட்டாத பாதிரி, நற்கருணை கொடுத்தால் செல்லுமா செல்லாதா என்பதைப்பற்றி! ஒரே சபைக்குள், ஒரே கோயிலுக்குள் இருக்கும் ஜாதிப் பிரிவுக்கு இந்தத் தர்க்கத்தில் பாதியாவது நடந்ததா?

கத்தோலிக்கர் நாங்கள் பிரியவே இல்லை என்று பெருமை பேசுவார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் அவர்கள் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாயிருந்தது. வெள்ளாளர் ஒரு காலில், நாடார் முதலானோர் மற்றொரு காலில். பீடம் மாத்திரம் பொது. 1910இல் மேலிடத்து உத்தரவின்பேரில் சுவரை இடித்தபோது, சுவர் எங்கள் உரிமை என்று ஹைக்கோர்ட் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலோ தாழ்த்தப்பட்டவர் பிணத்தையும் சுவர் வைத்துப் பிரித்தார்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது செத்தவர்களெல்லாரும் எழுந்திருப்பார்களாமே, இவர்கள் எந்தப் பக்கமாய் எழுந்திருப்பது?

பிராடஸ்டண்டுத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். பெண் தேடும்போது நீங்கள் முதலில் கேட்பது சபையையா, ஜாதியையா? மெதடிஸ்டு வீட்டில் சம்பந்தம் செய்ய மறுத்த ஆங்கிலிக்கனைவிட, சொந்தச் சபையிலேயே சேரிக்காரன் வீட்டில் சம்பந்தம் செய்ய மறுக்கும் ஆள் அதிகமா இல்லையா?

அடுத்த ஐக்கிய மகாநாடு கூட்டுகிறவர்கள், முதலில் தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குப் போய், அதற்கு எத்தனை வாசல் இருக்கிறதென்று எண்ணிவிட்டு வந்து பேசட்டும்.