ஓவியம் படிக்க ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டுமா?

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா, 2024-25 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. வரவேற்கிறோம். ஆனால் குமரி மாவட்டத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வரையவும் பாடவும் கற்றுக்கொடுப்பது யார்?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கலைக்கான பகுதிநேரப் பயிற்றுநரை 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை மட்டுமே சொல்கிறது; அதுவும் 100 மாணவருக்கு மேல் இருந்தால். தமிழகத்தில் 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்கே. அதற்குக் கீழே எல்லாமே வகுப்பாசிரியர் தலையில். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டும் கதையும் உண்டு. ஆனால் அங்கே கலை, பாடத்துக்குத் துணைதான்.

நம் வீடுகளில் இன்னொரு தடை: "ஓவியம் ஹராம்" என்ற ஒற்றை வரி. உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய எச்சரிக்கை உண்மையே. ஆனால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) பொம்மைகளுடன் விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. தென்னை, கடல், வள்ளம், அரபு எழுத்தணி என்று பிள்ளை வரைய எவ்வளவோ இருக்கிறது.

தக்கலை பீர் முஹம்மது அப்பா, இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர், தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரான் ஆகியோரைத் தந்த மண்ணில் கலை நமக்கு அந்நியமல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இரண்டைக் கேட்போம்: கலைக்கு வாரம் ஒரு பாடவேளை, அருகருகே உள்ள தொடக்கப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஓவிய ஆசிரியர்.