ஊரார் வாக்கும் பள்ளிக் கூரையும்

கூரை ஒழுகும் பள்ளியைத் திருத்தப் பணம் எவர் தருவது? அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் இக்கேள்விக்கு விடை கூறுவோர் ஊர் வாக்காளரே. பள்ளி மாவட்டம் கடன் முறிகளை விற்று உடனே பணம் பெறும். வீடு, நிலம் உடையோர் இறுக்கும் சொத்து வரியால் முதலும் வட்டியும் பல்லாண்டுகளில் தீரும். ஆதலின் ஊரார் இசைவின்றிக் கடன் இல்லை.

1879ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மூன்றில் இரு பங்கு வாக்கை வேண்டிற்று. நூற்றுக்கு 65 பேர் இசைந்தாலும் கூரை ஒழுகவேண்டியதுதான்! 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேறிய 39ஆம் பிரேரணை நூற்றுக்கு 55 போதுமென்றது. அப்பிரேரணைக்குக் கிடைத்ததோ நூற்றுக்கு 53 தான். அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதுமாயிருந்தது.

எண் குறைந்ததைவிட, உடன் வந்த கட்டுப்பாடுகளையே நாம் பெரிதென மதிக்கிறோம். எவ்வெவ் வேலைகள் நடைபெறும் என்னும் பட்டியலை முன்னரே வாக்காளர்முன் வைத்தல் வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு சதமும் எடுத்தலாகாது. ஆசிரியராகிய நமக்கும் இது நியாயமாகவே படுகிறது. ஆண்டுதோறும் கணக்காய்வு உண்டு. பெற்றோரும், முதியோர் சங்கத்தாரும், வரியிறுப்போர் சங்கத்தாரும் அடங்கிய குழு செலவைக் கண்காணிக்கும். மாவட்டத்து ஊழியர் எவரும் அதில் அமர முடியாது. பள்ளியில் பிள்ளையில்லாத கிழவரும் வரி இறுக்கிறாரன்றோ?

ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. மாளிகைகள் நிறைந்த ஊர் சிறு வரியிலேயே பெருந்தொகை திரட்டும். சிறு வீடுகள் உள்ள ஊர் அதே விகிதத்தில் வரி இறுத்தும் சிறுதொகையே காணும். மாநில மானியமும் பெரும்பாலும் ஊர் போடும் பங்கைப் பார்த்தே வருகிறது. 2024இல் நிறைவேறிய 2ஆம் பிரேரணை வறிய மாவட்டங்களுக்குச் சற்றுக் கூடுதலான பங்கு தர வழிசெய்தது. அக்கூடுதலோ நூற்றுக்கு ஐந்தே.