திறமைக்கு அனுமதி, மனிதனுக்குத் தவணை

அண்மையில் எமது பகுதிப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவிற் பேசிய பெரியவர் ஒருவர், இலவசக் கல்வியின் பயனைப் பெற்றுவிட்டு வெளிநாட்டுக்கு ஓடும் இளைஞரை நன்றி கொன்றவர்கள் என்று வைதார். கைதட்டலும் கிடைத்தது. கைதட்டியவர்களுட் பலர் தம் மகனையோ மருமகனையோ கடல் கடந்து அனுப்பியவர்கள். பேசியவரும் அதற்கு விலக்கல்லர் என்று பின்வரிசையிலிருந்தோர் முணுமுணுத்தார்கள். அது கிடக்கட்டும். விழா முடிந்து வெளியே வந்தபோது, பாடசாலை மதிலிலேயே ஒட்டப்பட்டிருந்த விளம்பரம் எம் கண்ணிற் பட்டது: வெளிநாட்டில் வேலை, குடும்பத்தோடு குடியேற்றம், ஐந்தாண்டில் நிரந்தர வதிவிடம். உள்ளே வசை, வெளியே ஆசை. தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது எனக் கல்முனை வரை நீளும் கரையோரப் பெருவழியில் வளர்கின்ற பிள்ளைகளின் செவிகளில் இவ்விரு குரல்களே மாறிமாறி விழுகின்றன.

இவ்விரு குரல்களும் பகைபோலத் தோன்றினும் ஒரு காரியத்தில் ஒற்றுமை உடையவை. வைகிறவரும் சரி, விற்கிறவரும் சரி, விசா என்னும் அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்துக் காட்டுவதில்லை. ஒருவருக்கு அது துரோகச் சீட்டு. மற்றவருக்கு அது சொர்க்கச் சீட்டு. உண்மையில் அது என்ன? அது ஒரு வேலை ஒப்பந்தம். உழைப்பை வாங்குகிற தேசம், உழைப்போடு சேர்ந்து வந்துவிடும் மனிதனை எவ்வளவு காலம், எந்த நிபந்தனையில், எவருடைய பொறுப்பில் வைத்திருப்பது என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அதனை அவ்வாறே வாசிக்க வேண்டும் என்பதே எமது வாதம்.

ஏன் போகிறார்கள் என்று கேட்பாருக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. 2022 ஏப்பிரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அந்த ஒரே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி வெளியேறினர். போரும், 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையும் தின்று மிச்சம் விட்ட இக்கரையில், வயலும் கடலும் அரசாங்க உத்தியோகமும் எத்தனை பேருக்குச் சோறு போடும்? 1945 இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி குடியானவன் பிள்ளைக்கும் எழுத்தறிவைத் தந்தது. எழுத்தறிந்த பிள்ளைக்கு ஏற்ற வேலையைப் பின்வந்த எந்த ஆட்சியும் தரவில்லை. வேலை தராதவர்களை விட்டுவிட்டு வேலை தேடுகிறவனை வைவது சுலபமான வீரம்.

சென்ற ஆண்டு எம்மிடம் படித்த ஒருவர் பிரித்தானிய வேலை விசா பற்றிய காகிதக் கட்டொன்றுடன் வந்தார். கல்முனையில் ஒரு முகவரிடம் முற்பணம் கட்டியிருந்தார். முகவர் அவருக்குச் சொன்னதெல்லாம் 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்பதே. ஆசிரியர் நால்வர் மூன்று மாலை இருந்து, அகராதியும் கையுமாக, வரி வரியாக அதைத் தமிழிற் படித்தோம். இரண்டாம் மாலை அவர் கேட்டார்: "சேர், வேலை போனா நான் என்ன செய்யிற?" முதல் மாலையே நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பொருளாதாரம் படிப்பிக்கிற எமக்கே அது தோன்றாமற் போனதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு விடை விதியிலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 'திறன்மிகு தொழிலாளர்' விசாவிற்கு, அரசாங்கத்திடம் அனுமதி பெற்ற ஒரு முதலாளி அனுசரணையாளராக நின்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த முதலாளியிடம், அந்தத் தொழிலில் உழைப்பதற்கே அனுமதி. வேலை நின்றால், அல்லது முதலாளியின் உரிமம் பறிக்கப்பட்டால், பொதுவாக அறுபது நாட் தவணை. அதற்குள் இன்னோர் அனுசரணையாளரைப் பிடித்துப் புதிதாக விண்ணப்பித்துப் புதிதாகக் கட்டணமும் கட்ட வேண்டும். இல்லையேல் புறப்பட வேண்டும். இது ஏட்டளவிலான அச்சமன்று. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில், முதியோர் பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட அனுசரணையாளரின் உரிமங்கள் நிறுத்தவோ பறிக்கவோ பட்டன என்றும், அவர்களோடு தொடர்புற்ற தொழிலாளர் 39,000க்கும் மேற்பட்டோர் என்றும் அந்த அரசாங்கமே அறிவித்தது. குற்றம் முதலாளியுடையது, தவணை தொழிலாளிக்கு.

இந்தக் கயிற்றை இக்கரையினர் முன்பே அறிவர். அரபு நாடுகளுக்குப் போன எமது சகோதரிகளும் சாரதிகளும் கொத்தனார்களும் 'கபாலா' என்று கண்டது இதனையே: நுழைவதற்கு ஒரு கபீல், இருப்பதற்கு அவனுடைய தயவு. படித்த பிள்ளைகள் தம்மை அவர்களோடு ஒப்பிட விரும்புவதில்லை. தாம் 'திறன்' உடையோர் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. இலண்டனிற் கடவுச்சீட்டு அவரவர் கையில் இருக்கும், முதலாளியை மாற்ற வழியுண்டு, நீதிமன்றம் உண்டு, தொழிற்சங்கத்திற் சேரலாம். இவை பெரிய வேறுபாடுகள். ஆயினும் வதியும் உரிமை முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிற வரையில், மேலதிக நேரக் கூலியைக் கேட்கப் போகிறவன் வாசலில் நின்று ஒருமுறை யோசிப்பான். அந்த யோசனையே முதலாளிக்கு இலாபம்.

'திறன்' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 2022 பெப்ரவரியில், ஆள் தட்டுப்பாட்டினால், பராமரிப்பு ஊழியரும் அந்த விசாவிற்கு உரியோராயினர். 2024 மார்ச்சில் அவர்கள் மனைவி மக்களை அழைத்துவருவது தடுக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அந்தத் தொழிலுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. அதே நாளில் இவ்விசாவின் பொதுவான சம்பள எல்லை ஆண்டுக்கு 41,700 பவுணாயிற்று. 2020 இல் அது 25,600. கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் கைகளின் திறன் மூன்றாண்டில் ஆவியாகிவிட்டதா? தேவைப்படும்போது திறன், தேவை தீர்ந்தபின் சுமை.

செலவுக் கணக்கும் அப்படியே. அங்கே உழைப்பவர் வரி கட்டுகிறார், தேசிய காப்புறுதி கட்டுகிறார். அதற்கு மேலாக, வைத்தியத்துறை விசாவில் உள்ளோர் நீங்கலாக, வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண் என 2024 பெப்ரவரியில் உயர்த்தப்பட்ட சுகாதார மேற்கட்டணத்தை, விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே செலுத்தவும் வேண்டும். அவ்வளவும் செலுத்தியவருக்கு வேலையற்ற காலத்தில் அரச உதவிப் பணம் இல்லை. ஒரே வைத்தியசாலைக்கு இருமுறை விலை கொடுத்தும் அவர் விருந்தாளியே.

அவுஸ்திரேலியா முதலாளியின் கையெழுத்துக் கேட்காத விசாக்களையும் வைத்திருக்கிறது. ஆகவே அது மேலானது என்பார்கள். ஒரு பங்கு உண்மை. ஆனால் அங்கே மனிதன் புள்ளிகளாகக் கூட்டப்படுகிறான். தகுதிக்குக் குறைந்தது 65 புள்ளி. வயது இருபத்தைந்துக்கும் முப்பத்திரண்டுக்கும் இடைப்பட்டதாயின் முப்பது. நாற்பதைக் கடந்தால் பதினைந்து. நாற்பத்தைந்தானால் வாசல் அடைப்பு. மாட்டுச் சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை வாசகர் முடிவு செய்க. எம்மவர் அதிகம் தவறிவிழும் இடம் அதுவன்று. நுழைவதும் இருப்பதும் ஒன்றென்று எண்ணுவதே. விசா கிடைத்தபின் குறித்த திகதிக்கு முன் முதன்முறை நுழைந்தாக வேண்டும். தாயின் நோயைப் பார்த்து நாளைக் கடத்தினால் கைக்கு வந்ததும் போகக்கூடும். 'நிரந்தர' விசாவிலுங்கூடப் போய்வரும் அனுமதி ஐந்தாண்டுக்கே. அதன்பின் வெளியே சென்று திரும்பி நுழைய வேறொரு விசா வேண்டும். முழுத் தவணைக்கு அதைப் பெறக் கடைசி ஐந்தாண்டில் இரண்டாண்டாவது அங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். இருப்பது நிரந்தரம், திரும்பி வருவது தவணை. நகரத்திற்கு வெளியேயுள்ள பிரதேச விசாவோ, குறித்த பகுதிகளில் வாழ்ந்து மூன்றாண்டு வருமானக் கணக்குக் காட்டிய பின்னரே நிரந்தரத்தைப் பற்றிப் பேசும்.

அதே அவுஸ்திரேலியா 1901 முதல் 1958 வரை வேண்டாதாரை விலக்க ஒரு சொல்வதெழுதற் பரீட்சையை வைத்திருந்தது. அதிகாரி விரும்பிய ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள். 1934 இல் பாசிச எதிர்ப்பாளரான எழுத்தாளர் எகொன் கிஷ், பல மொழி அறிந்தவராகையால், அவருக்கு ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியிற் பரீட்சை வைத்தார்கள்! உயர் நீதிமன்றம் பின்னர் அதைச் செல்லாதென்றது. இன்றைய ஆங்கிலப் பரீட்சை அவ்வளவு வெட்கங்கெட்டதன்று. எல்லாருக்கும் ஒரே தாள், நோயாளியோடு பேசத் தாதிக்கு மொழி வேண்டியதும் மெய். ஆனால் தமிழ் மூலம் படித்து, ஆங்கில ஆசிரியர் வராத வகுப்பில் உயர்தரம் முடித்த தம்பிலுவிற் பிள்ளைக்கும் கொழும்பில் ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் ஒரே தாளைக் கொடுப்பது யாரைத் தெரிவு செய்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுமா?

அந்நிய நாட்டை மட்டும் வைதுவிட்டு நாம் தப்பிக்கொள்ள இயலாது. வதிவிட நிபந்தனை என்னும் கத்தியைத் தீட்டுவதில் எமது நாடும் கை தேர்ந்ததே. 1948 இற் பிரசாவுரிமை இழந்த மலையகத் தொழிலாளருக்கு, 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் ஒரு வாசலைக் காட்டியது: மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் அறாது இந்நாட்டில் வதிந்ததை எண்பிக்க வேண்டும். ஊர்க் கலியாணத்துக்கோ சாவுக்கோ இந்தியா சென்று பன்னிரண்டு மாதம் தங்கிவிட்டவருக்குத் தொடர்ச்சி அறுந்தது. கொழுந்து பறித்த கை கடதாசிக்கு எங்கே போகும்? ஏறத்தாழ எட்டே கால் இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போயிற்று. பிரசாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இன்று பிரித்தானியாவில் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே நின்றவருக்கு வதிவிடத் தொடர்ச்சி அறும் என்பதை வாசிக்கையில், அந்தப் பழைய கணக்குப்பிள்ளையின் குரல் காதில் விழுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது, வாசலைக் கடந்து வந்தவனுக்கு முன்னால் எல்லைக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நடுவது. ஐந்தாண்டு உழைத்தால் நிரந்தர வதிவிடம் என்று அழைத்த பிரித்தானியா, 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அதைப் பத்தாண்டாக்கும் யோசனையை வெளியிட்டது. நவம்பரில், பராமரிப்பு ஊழியர் போன்றோருக்குப் பதினைந்தாண்டு என்றும், ஏற்கெனவே உள்ளே இருப்போருக்கும் அது பொருந்தலாமென்றும் முன்மொழிந்தது. மதில் விளம்பரத்தின் 'ஐந்தாண்டு' அப்போதும் வெயிலில் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தார் மட்டும் நினைத்தபோது வரிகளை மாற்றலாமென்றால், அதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்தவர் யார்?

ஆயினும் இது தலைவிதியன்று. 2006 இல் இதேபோல் அதிதிறன் குடிவரவுத் திட்டத்தின் விதிகளை இடைநடுவில் மாற்றி, வதிவிடக் காலத்தையும் நான்கிலிருந்து ஐந்தாக்கினார்கள். பாதிக்கப்பட்டோர் தனித்தனியே அழாமல் ஒரு மன்றமாகக் கூடி வழக்காடினர். 2008 ஏப்பிரலிலும் 2009 ஏப்பிரலிலும் இலண்டன் உயர் நீதிமன்றம், முன்னைய வாக்குறுதியை நம்பி வந்தவர்மேல் புதிய விதியைச் சுமத்துவது நியாயமன்று என்று தீர்த்தது. தம்பிலுவிற் கண்ணகி கோயிலில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கோவலனும் பிழைக்கப் போனவன்தான். அயலூரில் விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவன்தான். சபை ஏறிக் கேட்டவள் கதையை அல்லவா இக்கரை ஆண்டுதோறும் பாடுகிறது!

எனவே நாம் கேட்பவை சில. விசா ஒரு முதலாளியோடு கட்டப்படாமல் தொழிலோடு கட்டப்படட்டும். நுழைந்த நாளின் விதியே அவருக்குக் கடைசி வரை விதியாகட்டும். இவற்றை அங்குள்ள தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அங்கே போன எம்மவர் அவற்றிற் சேர வேண்டும். அனுசரணைச் சான்றிதழை விலைக்கு விற்பது அந்நாட்டு விதிக்கே புறம்பானது. இங்கோ, 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டலாம். உரிமத்தைக் காட்டென்று கேட்கும் துணிவை உயர்தர வகுப்பிலேயே ஊட்டலாமே. குடியியற் பாடத்தில் பாராளுமன்றத்தின் ஆசனக் கணக்கை மனனம் செய்விக்கிற நாம், அரை மணி நேரம் ஒரு வேலை விசாவின் நிபந்தனைகளைத் தமிழில் வாசித்தால் பாடத்திட்டம் இடிந்து விழாது.

எம்மிடம் வந்த அந்த இளைஞர், மூன்றாம் மாலை முடிவில், முற்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனார். பாதி கிடைத்தது, மீதிக்கு அலைகிறார். போவதில்லை என்று அவர் முடிவு செய்யவில்லை. வேறு நாட்டின் காகிதங்களோடு போன கிழமை மீண்டும் வந்தார். இம்முறை 'வேலை முடிவுறின்' என்னும் பகுதியைத் தாமே முதலிற் புரட்டி, சிவப்புக் கோடிட்டு வைத்திருந்தார்.