கோலமும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

கலை வேறு, அறிவியல் வேறு என்று நாமாகவே ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். படம் வரையத் தெரிந்தவன் கணிதம் எடுத்தால், “இவனுக்கு ஏன் இந்த வேலை?” என்கிறார்கள். கணக்கு வருகிறவன் தூரிகையைத் தொட்டால், “படிப்பு கெட்டது” என்கிறார்கள். எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கம் இன்னும் ஒரு கேள்வி உண்டு: “இதைப் படித்தால் என்ன உத்தியோகம்?” கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அந்தச் சுவர் பொய்யானது என்பதே என் கருத்து.

அதற்குச் சான்றாக நம் தமிழகத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர்தான் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி (1932–1988). மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களை ஆராய்ந்தார். தத்துவப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியலார் தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் மாமல்லபுர ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். தத்துவமும் தாவரவியலும் புள்ளியியலும் ஒரே நூலில்! நம் துறைகள் தேநீர்க் கடையில் மட்டுமே சந்திக்கின்றன. அச்சிட்ட தமிழ் எழுத்துக்களைக் கணிப்பொறி கொண்டு அடையாளம் காணும் முறையை 1978இலேயே தம் குழுவினருடன் ஆராய்ந்தார். 1980இல், வள்ளுவர் காலத்து எழுத்து வடிவில் திருக்குறளை அச்சேற்றிய நூலிலும் அவர் பங்கு உண்டு.

இவையனைத்திலும் என்னைக் கவர்ந்தது கோலம்தான். அவரும், அவருடைய துணைவியாரும் கணிப்பொறி அறிவியலாருமான ராணி சிரோமணியும் (1929–2019), கமலா கிருத்திவாசனும் 1974இல் ‘கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் ப்ராசசிங்’ என்னும் ஆய்விதழில், கோலத்திற்கு இலக்கணம் வகுத்து ஒரு கட்டுரை எழுதினர். கோலத்திற்கு ஏது இலக்கணம் என்று நகைக்க வேண்டாம். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க விதிகள் இருப்பது போல, சிறு சிறு கோடுகளையும் வளைவுகளையும் கட்டங்களில் அடுக்கிப் படம் அமைக்கவும் விதிகள் சொல்லலாம். விதி சில, அவற்றால் பிறக்கும் கோலங்களோ முடிவற்றவை. ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலம் பெரிதாகும், சாயல் மாறாது.

என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 1-3-5-3-1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 13. அதையே ஏழு வரை வளர்த்தால் 25. எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். “எண்ணிப் போட்டா வராது கண்ணு, வெளியே ஒரு சுத்துச் சேத்துக்கோணும்” என்றார். ஒரு புள்ளியில் தொடங்கிப் பாருங்கள். முதல் சுற்றுக்கு 4, அடுத்ததற்கு 8, பிறகு 12, அதன்பின் 16. ஆக, ஒன்பது வரை வளர்ந்த கோலத்தில் 41 புள்ளிகள். விதியை ஏட்டில் எழுதவில்லை; அவ்வளவுதான் வேறுபாடு. சிக்குக் கோலத்தில் அவர் கை போவதும் அப்படியே: நேரே ஒரு நடை, புள்ளியைச் சுற்றி ஒரு வளைவு, மறுபடி நேரே. கணிப்பொறித் திரையில் ‘ஆமை’ ஒன்றுக்கு ‘முன்னே போ, திரும்பு’ என்று கட்டளையிட்டுப் படம் வரைவிக்கும் முறை இதற்கு வெகு அருகில் நிற்கிறது.

இது இங்கேயே முடங்கிவிடவில்லை. செடிகளின் வளர்ச்சியை விளக்க உயிரியலார் லின்டன்மேயர் 1968இல் அமைத்த விதிமுறையைக் கொண்டு, கணிப்பொறியில் செடி கொடிகளை வரைவித்தார் கனடாவில் பணியாற்றிய பிருசின்கியேவிச். அவர் 1980களில் காட்டிய எடுத்துக்காட்டுகளில் நம் கோலமும் இடம்பெற்றது. திரைப்படத்தில் கணிப்பொறி வளர்த்த காட்டைக் கண்டு வியக்கும் நண்பர்கள், அந்தக் கலைக்கு நம் வாசலும் அயலானதல்ல என்பதை அறிவார்களா?

கோலம் போட்டால் வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கணிதம் தெரியாமல் வரைகலைப் பாடத்தில் சேர்ந்து பொத்தான்களை மட்டும் அழுத்தக் கற்பதால் பெரும்பயன் இல்லை என்பதும் உண்மை. ஆனால் வாசலில் கோலத்தாள் ஒட்டும் வழக்கம் எங்கள் தெருவிலும் வந்துவிட்டது. பாட்டிமார் போட்ட பல கோலங்கள் எந்த நோட்டிலும் இல்லை.

எனவே கணித மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமான வினாடி வினாவோடு, வருகிற மார்கழியில் ஊருக்கு இருவர் சென்று கோலங்களைச் சேகரிப்போம். முடிந்த படத்தை மட்டும் எடுக்காமல், கை எங்கே தொடங்கியது, எப்பக்கம் திரும்பியது என்பதையும் வரிசையாகக் குறிப்போம். போட்டவரின் சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுவோம். வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் மூன்றுக்கும் நான் வருகிறேன். விடியலுக்கு முன்பே கிளம்பவேண்டும். வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் பாதிக் கோலம் அழிந்துவிடும்.