தரமாட்டோம்னு சொன்ன தண்ணி, வெள்ளமா வந்தது எப்படி?

தோழர்களே, 2024 ஜூலையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க.

அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஆற்றுத் தண்ணியை நம்பி இருந்தவனுக்கு குறுவை போச்சு. ஜூலை 11-ல் காவிரி ஒழுங்காற்றுக் குழு, மாதக் கடைசி வரை தினமும் 1 டிஎம்சி விடச் சொன்னது. அதாவது வினாடிக்கு சுமார் 11,500 கனஅடி. 14-ம் தேதி பெங்களூருவில் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு, "முடியாது, 8,000 கனஅடிதான்" என்றார்கள்.

ஜூலை 30. மேட்டூர் 120 அடி. அடுத்த சில நாளில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் உபரி. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர். திருச்சியில் கொள்ளிடத்துக்குள் மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு மக்கள் வழக்கம்போல பாயைச் சுருட்டிக்கிட்டு கரையேறினாங்க.

இரண்டே வாரம். 8,000-க்கு மேல் ஒரு சொட்டு இல்லைன்னு சொன்ன அதே ஆறு!

"அது இயற்கைங்க, மழை பெய்தா யார் என்ன பண்ண முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 1 லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. உச்சநீதிமன்றம் 2018-ல் சொன்ன அளவுப்படி ஜூன் மாதம் முழுவதற்கும் நமக்கு வர வேண்டியது 9.19 டிஎம்சி. ஒரு மாதப் பங்கை முப்பது நாளில் விட மனசு வராதவர்கள், அதே அளவை ஒன்றரை நாளுக்குள் நம் தலையில் கொட்டுகிறார்கள். கொட்டுவதும் பிலிகுண்டுலுவில் அளந்து நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது. வயலுக்கு உதவாமல் கடலுக்குப் போன தண்ணீரும் "கொடுத்தாச்சு" கணக்கில்.

ஜூலை முதல் வாரமே அந்தக் கூடுதல் 3,500 கனஅடியை விட்டிருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். கேள்வி அணையை நடத்தும் விதத்தைப் பற்றியது. கே.ஆர்.எஸ், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கும் சேர்ந்து சுமார் 114 டிஎம்சி. நான்கையும் விளிம்பு வரை ரொப்பு, ரொம்பினதும் வந்ததை அப்படியே கீழே தள்ளு. இதுதான் நடைமுறை. விளிம்பு வரை நிறைந்த அணை வெள்ளத்தைத் தடுக்காது, வழிவிட மட்டும்தான் செய்யும். குடகிலும் வயநாட்டிலும் கனமழை வரப்போகுதுன்னு வானிலை மையம் நாலு நாள் முன்னாடியே சொல்லுது. அப்போதே 30, 40 ஆயிரமாக விட்டு மேலே இடம் வைத்தால், உச்சம் வரும்போது அதில் ஒரு பங்கை அணை பிடித்துக்கொள்ளும். 2 லட்சம் வர வேண்டிய இடத்தில் ஒன்றேகால் வந்தாலே படுகை கிராமத்துக்காரனுக்கு மாட்டை அவிழ்க்க நேரம் கிடைக்கும்.

இடம் விட்டு வைத்து மழை ஏமாற்றிவிட்டால்? நியாயமான பயம்தான். அதனால்தான் எந்தத் தேதியில் எந்த அணையில் எத்தனை அடிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பொதுவான அட்டவணை வேண்டும் என்கிறோம். மழைக்கால முடிவில் முழுசா நிரப்பிக்கட்டும், யார் வேண்டாம்னா?

இந்த லட்சணத்தில், "உபரி வீணாகிறது, மேகதாதுவில் 67 டிஎம்சிக்கு அணை கட்டினால் எல்லாம் சரியாகும்" என்று ஒரு பாட்டு. இருக்கிற நான்கிலேயே வெள்ளத்துக்கு இடம் விடாதவர்கள் ஐந்தாவதில் விடுவார்களாம். நம்புங்க.

சரி, நம்ம வீட்டு முற்றத்தையும் பார்க்கணும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் ஒரே இரவில் 29,000 கனஅடி விட்டு சென்னையை மூழ்கடித்தது கர்நாடகம் இல்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதும் நம் பொறுப்பில்தான். மேட்டூரில் ஓரடி என்பது ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி. ஐந்தடி காலியாக வைத்தால் 1 லட்சம் கனஅடி வெள்ளத்தை முக்கால் நாளுக்கு மேல் தாங்கலாம். ஆனால் 120-ஐத் தொட்டால்தானே அமைச்சர் மலர் தூவ முடியும்!

நாம் கேட்பது இதுதான். காவிரி மேலாண்மை ஆணையம் பஞ்சக் காலத்துப் பஞ்சாயத்தோடு நிற்காமல், ஜூலை, ஆகஸ்டுக்கு வெள்ள இடத்தையும் நிர்ணயிக்கணும். அதில் மேட்டூரும் அடக்கம், பாணாசுர சாகரும் அடக்கம். வயநாட்டு மதகு திறந்தால் அது கபினிக்குத்தானே வருது? நான்கு அணைகளின் வரத்தும் வெளியேற்றமும் மணிக்கு மணி பொதுவெளியில் வரணும். முன்னறிவிப்பு இல்லாமல் மொத்தமாகத் திறந்துவிட்டு அழிந்த பயிருக்கு, திறந்த மாநிலம் இழப்பீடு தரணும்.

கொள்ளிடக் கரைத் தோழர்களே, உங்க ஊரில் எந்த வருஷம் எத்தனை மணிக்குத் தண்ணி ஏறியது, எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்று கமெண்டில் பதிவிடுங்க. படம் இருந்தால் தேதியோடு போடுங்க. திரட்டி ஆணையத்துக்கு மனுவாக அனுப்புகிறோம்.

#காவிரி #கொள்ளிடம்